இரண்டு கைப்பிடிச் சக்கரம்

ரேடியோ அக்காவுக்குக் குரல் போய்விட்டது என்ற செய்தி வந்தபோது, ஆற்றங்கரைப் பூங்காவில் நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் நம்பவில்லை. தூக்கத்தில்கூட அந்த வாய் மூடாது என்பது ஊரறிந்த விஷயம். நெசவாலையில் வேலை பார்த்த காலத்தில் கூட இருந்தவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. ஆலையை மூடி, இடித்து, புல் விதைத்துப் பூங்காவாக்கிய பிறகும் பெயர் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

செய்தி உண்மைதான். கழுத்தில் ஒரு கட்டியை எடுக்கப் போன இடத்தில் குரல் நரம்பு அடிபட்டுவிட்டது. இப்போது அவள் பேசினால் வெறும் காற்றுதான் வந்தது. காதை வாயருகே கொண்டுபோனால் சொல் புரியும், ஒரு எட்டு தள்ளி நின்றால் புரியாது. "வந்தாலும் வரலாம். அதுவரைக்கும் தொண்டையைக் கஷ்டப்படுத்தாதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம் அவர்.

ஏனென்றால் ஞாயிறு தவறாமல் பூங்கா வாசலிலிருந்து ஆற்றோரமாக ஆட்களைக் கூட்டிப்போய் அந்த இடத்தின் கதையைச் சொல்வது அவள் வேலை. வாசல் பலகையில் 'எளிய நடை. படிகள் கிடையாது. குழந்தைகள், முதியவர்கள், தள்ளுவண்டிகள் வரலாம்' என்று எழுதியிருக்கும். புகைபோக்கி, தறிக்கூடத்தின் தரை, மதகு, கடைசியில் நடைபாலம். பாதை அவ்வளவுதான். ஆலையில் ஃபிட்டராக இருந்த அவள் கணவர் உயிரோடு இருந்தவரை ஒருநாளும் இந்த நடைக்கு வந்ததில்லை. வாசல் பெஞ்சிலேயே பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சோம்பேறி மனுஷன் என்று அவளும் விட்டுவிட்டாள். அவர் போன பிறகு, வாரம் முழுக்கப் பேச்சுத்துணை இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றை நம்பித்தான் அவள் மற்ற நாட்களை ஓட்டினாள்.

பூங்கா அதிகாரி நல்ல மனிதர். அவர் நல்லவராக இருந்ததுதான் அவளுக்கு எரிச்சல். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்து, குழந்தைக்கு மருந்து கொடுக்கிற குரலில் பேசினார்.

"அக்கா, கோபப்படாதீங்க. நீங்க சொல்ற கதை எல்லாத்தையும் ரெக்கார்டு பண்ணிடலாம். ஸ்டுடியோல ஒரு பொண்ணு இருக்கு, குரல் தேன் மாதிரி. அங்கங்க ஒரு பலகை வெச்சுட்டா, ஜனங்க போன்லயே கேட்டுக்குவாங்க. உங்க பேரையும் கீழே போட்டுடறோம்."

ரேடியோ அக்கா எழுந்து மேஜையைச் சுற்றிப்போய் அவர் காதருகே குனிந்தாள்.

"அந்தப் பொண்ணு தறி ஓடிப் பாத்திருக்காளா?"

"இல்லதான்... ஆனா ஜனங்களுக்குக் கேக்கணுமே அக்கா."

"இந்த ஞாயிறு நீங்களும் வாங்க. கடைசி வரைக்கும் எல்லாருக்கும் கேக்கும். கேக்கலைன்னா பலகையை நட்டுக்கோங்க."

எப்படிக் கேட்கும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பாள். அறையை விட்டு வெளியே வந்தபோதும் அவளிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது.

நெசவாலையில் ஓர் உதட்டுப் பேச்சு இருந்தது. தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் பெண்கள் சத்தத்தை விட்டுவிட்டு வாயை அகலமாக அசைத்து, கண்ணையும் கையையும் சேர்த்துப் பேசிக்கொள்வார்கள். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வம்பு போய்த் திரும்பிவிடும். மேனேஜர் நடுவில் நின்றால் அவர் தலைக்கு மேலேயே அவரைப் பற்றிப் பேசுவார்கள். ரேடியோ அக்காவின் உதட்டை ஒரு சொல் விடாமல் படிக்கத் தெரிந்தவர்களில் இப்போது ஊரில் ஒரே ஒருத்திதான் மிச்சம். எதிர்த்தறியில் வேலை பார்த்தவள், கணவரின் தங்கை.

அந்த நாத்தனார் அவளோடு பேச்சை நிறுத்தி வருஷக்கணக்காகிறது.

காரணம் இந்த நடைதான். பெருவெள்ளம் வந்த இரவு, மதகை மூடாமல் விட்டதால்தான் ஆற்று நீர் ஆலைக்குள் புகுந்தது. மூட வேண்டிய மதகுக் காவல்காரர் தூங்கிவிட்டார். விசாரணையில் அவரே அப்படித்தான் சொன்னார், வேலையும் போயிற்று. அந்தக் காவல்காரர் நாத்தனாரின் கணவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் பின்னால் நின்று இதைக் கேட்ட நாத்தனார், முகம் கறுத்துப்போய்த் திரும்பி நடந்தாள். மறுநாள் வீடு தேடி வந்து, "அதை மட்டும் விட்டுடக் கூடாதா அண்ணி?" என்று கேட்டாள். அந்தக் காவல்காரர் இறந்து ஒரு மழைக்காலம்கூட முடிந்திருக்கவில்லை. "நான் பேரையா சொன்னேன்? நடந்ததை நடந்தபடிதான் சொல்லணும்" என்றாள் ரேடியோ அக்கா. அத்தோடு சரி.

நாத்தனாரின் தையல் கடை பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்தது. பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, மெலிந்தவர்களுக்குப் பிடிப்பது, பருத்தவர்களுக்குப் பிரிப்பது. ரேடியோ அக்கா கடைக்குள் போகவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று விரலால் தட்டினாள். குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி ஒரு கோட்டின் கையை மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். பின்னால் பஸ்கள் உறுமின. ரேடியோ அக்கா தறிக்கூடத்தில் பேசுவது போல வாயை அசைத்தாள்.

"எனக்குக் குரல் போயிடுச்சு."

நாத்தனார் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினாள். பிறகு அவளும் சத்தமில்லாமல், "கேள்விப்பட்டேன்" என்றாள்.

பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் பேசிக்கொள்ள இதைவிட வசதி உண்டா? ஒருத்தி வாயிலிருந்தும் ஒரு சொல் வெளியே வரவில்லை, ஆகவே வீராப்பு இருவருக்கும் பத்திரமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை நான் உதட்டால சொல்றேன். நீ சத்தமா சொல்லணும். இல்லைன்னா நடையை எடுத்துடுவாங்க."

"நான் எதுக்கு வரணும்?"

"உன்னை விட்டா எனக்கு ஆள் இல்லை."

ரேடியோ அக்கா வாழ்க்கையில் இப்படி ஒரு வாக்கியம் சொல்லி நாத்தனார் பார்த்ததில்லை. கோட்டின் கையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"மதகு வரும்போது?"

இங்கே ஒரு பொய் சொன்னால் காரியம் முடிந்துவிடும் என்று ரேடியோ அக்காவுக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை.

"எப்பவும் சொல்றதைத்தான் சொல்வேன். நடந்ததை நடந்தபடி."

நாத்தனார் கோட்டைக் கீழே வைத்தாள்.

"சரி. வர்றேன்" என்று அவள் உதடுகள் அசைந்தன. பிறகு ஊசிகளை எடுத்து மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஓர் இளம் ஜோடி, கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர், ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்த நான்கைந்து நர்சுகள், எங்கே போனாலும் கேள்வி கேட்பதற்கென்றே வருகிற தொப்பிக்காரர் ஒருவர். எல்லோருக்கும் பின்னால் பூங்கா அதிகாரி, கையைக் கட்டிக்கொண்டு. ரேடியோ அக்கா கூட்டத்தைப் பார்த்து நின்றாள், நாத்தனார் பக்கவாட்டில் அவள் முகம் தெரிகிற மாதிரி நின்றுகொண்டாள்.

முதலில் தடுமாற்றம்தான். உதடு ஓடுகிற வேகத்துக்குக் குரல் பின்தங்கியது. புகைபோக்கிக்கு அருகில் வருவதற்குள் சரியாகிவிட்டது. "இந்தப் புகைபோக்கியை மட்டும் ஏன் இடிக்கலைன்னா, இடிச்சா எந்தப் பக்கம் விழும்னு இன்ஜினியர்களுக்குள்ள சண்டை. சண்டை இன்னும் முடியலை" என்று நாத்தனாரின் கணீர்க் குரல் சொன்னபோது கூட்டம் சிரித்தது. அது ரேடியோ அக்கா வருஷக்கணக்கில் பழக்கிவைத்த சிரிப்பு, வர வேண்டிய இடத்தில் சரியாக வந்து விழுந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்தது.

தறிக்கூடத்தில் தளத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். தறிகளை இறுக்கிய திருகாணிகளின் துளைகள் சிமென்ட்டில் வரிசை வரிசையாகத் தெரியும். உதட்டுப் பேச்சைப் பற்றிச் சொல்வது அங்கேதான். ரேடியோ அக்கா மேனேஜர் கதையை ஆரம்பித்தாள். நாத்தனாருக்கு அந்தக் கதையில் அபிமானம் அதிகம் போலிருக்கிறது.

"மேனேஜர் நடுவுல வந்து நின்னா அவரு தலைக்கு மேலேயே அவரைப் பத்திப் பேசுவோம். அவரு தலையில வெச்சிருந்தது டோப்பா, அது ஒருநாள் குறுக்க ஓடுற நாடாவுல மாட்டி தறிக்குள்ள போயிடுச்சு..."

ரேடியோ அக்கா சடாரென்று திரும்பினாள். டோப்பா சமாச்சாரம் அவள் சொன்னதே இல்லை. பழைய பழக்கத்தில் அவள் உதடுகள் வெடித்தன. அதே வேகத்தில், அதே கணீர்க் குரலில், நாத்தனார் கூட்டத்துக்கு அறிவித்தாள்:

"அதிகப்பிரசங்கி! நான் சொன்னதை மட்டும் சொல்லுடி!"

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. உதட்டில் வருவதை அப்படியே குரலில் கொண்டுவந்து பழகிய வேகம், தனக்கு விழுந்த வசவையும் தானே படித்துவிட்டாள். புரிந்தபோது நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்சுகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். கைத்தடிப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிகாரிகூடக் கட்டியிருந்த கையைப் பிரித்துவிட்டார். ரேடியோ அக்காவும் சத்தமில்லாமல் குலுங்கினாள். நாத்தனாரைப் பார்த்துச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தபோது சிரிப்பு பாதியில் நின்றது. ஏனென்றால் பாதை திரும்பியதும் மதகு.

மதகு சின்னதுதான். சாயப்பட்டறைக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்த கால்வாயின் வாயில் ஓர் இரும்புக் கதவு, அதை இறக்கவும் ஏற்றவும் மேலே ஒரு பெரிய சக்கரம், பக்கத்துத் தூணில் ஒரு மணி. எல்லாவற்றுக்கும் பச்சை வர்ணம் அடித்து வைத்திருந்தார்கள். ரேடியோ அக்கா ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டாள். நாத்தனாரின் முகத்தைப் பார்க்காமல் ஆரம்பித்தாள்.

நாத்தனார் ஒரு சொல்லைக் கூட விடவில்லை.

"ஆத்துல வெள்ளம் ஏறினா இந்தக் கதவை இறக்கிடணும். பெருவெள்ளம் வந்த அன்னிக்கு ராத்திரி மதகுக் காவல்காரர் தூங்கிட்டாரு. அதனாலதான் ஆலை முழுகிச்சு. தறி எல்லாம் சேத்துல கிடந்துச்சு. உசுருக்குச் சேதம் இல்லை. ஆனா ஆலை அதுக்கப்புறம் நிமிரவே இல்லை."

குரல் நடுங்கவில்லை. அது ரேடியோ அக்காவை என்னவோ செய்தது. நடுங்கியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

தொப்பிக்காரர் சக்கரத்தைச் சுற்றி வந்தார். "இதுல இந்தப் பக்கம் ஒரு கைப்பிடி, அந்தப் பக்கம் ஒரு கைப்பிடி இருக்கே. ஒரு ஆளு சுத்துற சக்கரமா இது?"

இந்தக் கேள்விக்கு ரேடியோ அக்காவிடம் எப்போதும் ஒரு பதில் தயார். உதடுகளை அசைத்தாள். நாத்தனார் குரல் கொடுத்தாள்.

"ரெண்டு ஆள் வேணும். மணி அடிச்சா ஆலைக் குடியிருப்புலேருந்து முறை வெச்சு இன்னொரு ஆள் ஓடி வருவாரு. அன்னிக்கு இவரு மணி..."

நின்றாள். உதட்டில் இருந்த அடுத்த சொல் 'அடிக்கலை'.

"அடிச்சாரு" என்றாள் நாத்தனார்.

'அடிக்கலை' என்று ரேடியோ அக்கா மறுபடி வாயசைத்தாள், தவறாகப் படித்துவிட்டாளோ என்று.

"மணி அடிச்சாரு" என்றாள் நாத்தனார், இந்த முறை கூட்டத்தைப் பார்த்து. "நான் பக்கத்துல விளக்குப் பிடிச்சிட்டு நின்னேன். மழை கொட்டுது. கை மரத்துப்போற வரைக்கும் அடிச்சாரு. சக்கரத்தைப் பிடிச்சுத் தொங்கினாரு, நானும் சேந்து தொங்கினேன், அசையலை. அவரு தூங்கலைங்க. வர வேண்டிய ஆள் வரலை."

"யாரு வரணும்?" என்றார் தொப்பிக்காரர்.

நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். அதற்கு மேல் போவதற்கு அவள் வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"யாரு?" என்றன ரேடியோ அக்காவின் உதடுகள்.

"வேணாம் அண்ணி." நாத்தனாரும் இப்போது குரலை விட்டுவிட்டாள். கூட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்து வாயை அசைப்பதுதான்.

"யாருன்னு கேக்கறேன்."

"அண்ணன்."

நாத்தனாரின் உதடுகள், அடக்கிவைத்தது உடைந்ததைப் போல, ஓட ஆரம்பித்தன. "அண்ணனுக்குத் தண்ணின்னா பயம். சின்ன வயசுல கிணத்துல விழுந்து, செத்துட்டான்னே நெனச்சு எடுத்தாங்க. அன்னிலேருந்து. இவரு கடைசியில உங்க வீட்டுக்கே ஓடி வந்தாரு. ஜன்னல் சாத்தியிருந்துச்சாம். உள்ள பாட்டு ஓடிட்டிருந்துச்சாம். கதவைத் தட்டித் தட்டிப் பாத்துட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள தண்ணி உள்ள போயிடுச்சு. தூங்கிட்டேன்னு விசாரணையில இவராத்தான் சொன்னாரு. ரெண்டு பேர் வேலையும் போனா ரெண்டு குடும்பமும் தெருவுக்கு வந்துடும், ஒரு சம்பளமாவது மிஞ்சட்டும்னாரு."

ரேடியோ அக்காவுக்கு அந்த இரவு நன்றாக நினைவிருந்தது. நினைவிருந்தது என்ன, அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். மதகுக்கு இன்றைக்குத் தன் முறை இல்லை என்று கணவர் சீக்கிரமே வந்துவிட்டார். குளிர் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தினார். டேப்ரிக்கார்டரில் பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி, அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். தறிச்சத்தத்தில் பாதிக் காது போனவளுக்கு மணியும் கேட்கவில்லை, கதவும் கேட்கவில்லை. அவர் கை அன்று சில்லென்று இருந்தது. ஆசையில் பிடித்தார் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாள். வாசல் பெஞ்சும் பேப்பரும்கூட இப்போது வேறாகத் தெரிந்தன. அவர் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே, பாவி மனுஷா, என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று அழுகையும் வந்தது.

எல்லோரும் காத்திருந்தார்கள். தள்ளுவண்டிக் குழந்தை சிணுங்கியது. 'அடுத்தது பாலம்' என்று வாயசைத்தால் போதும், நடை நடந்துவிடும், அதிகாரியின் பலகையும் வராது. தொப்பிக்காரர் வீட்டுக்குப் போய் மறந்துவிடுவார். சாகும்வரை வாயைத் திறக்காத அந்தக் காவல்காரரும், அவருக்காக வாயைத் திறக்காத இவளும் காப்பாற்றி வைத்தது அப்படியே பத்திரமாக இருக்கும். ஆனால் ஞாயிறு தவறாமல் இதே இடத்தில் நின்று, அடுத்தவள் புருஷனைத் தூங்குமூஞ்சி ஆக்கியது யார்?

"சொல்லு" என்று வாயசைத்தாள்.

"மாட்டேன்."

"நடந்ததை நடந்தபடி சொல்லணும். சொல்லு."

"போன மனுஷன் அண்ணி. எங்க அண்ணன். என் வாயால சொல்ல மாட்டேன். விடுங்க."

ரேடியோ அக்கா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். சக்கரத்தின் ஒரு கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது, வந்த வழியே போகட்டும் என்று விட்டாள். வயிற்றிலிருந்து மூச்சை எக்கித் தள்ளினாள். முதல்முறை வெறும் காற்று. இரண்டாம் முறை, துருப்பிடித்த கீல் திறப்பது போல ஒரு சத்தம் வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, தையல் போட்ட இடம் சுரீரென்றது.

"வராத ஆள்... என் வீட்டுக்காரர்."

முன்னால் நின்ற நர்சுகளுக்குக் கேட்டது. ஒருத்தி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பின்வரிசையில் கைத்தடிப் பெரியவர் காதுக்குப் பின்னால் உள்ளங்கையைக் குவித்தார்.

"என்ன சொன்னாங்க? இங்க கேக்கலையே?"

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். கடைசி வரைக்கும் எல்லாருக்கும் கேக்கும் என்று சொல்லியிருந்த ரேடியோ அக்காவும் அவளைப் பார்த்தாள். உதட்டை அசைக்கவில்லை. சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை.

நாத்தனார் வந்து சக்கரத்தின் அந்தப் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் நின்றது. குரல் மட்டும், கடைசி வரிசை வரைக்கும், கணீரென்று போயிற்று.

"வராத ஆள் எங்க அண்ணன்."

யாரும் எதுவும் கேட்கவில்லை, தொப்பிக்காரர் உட்பட. பின்னால் அதிகாரி மட்டும், "அடுத்த ஞாயித்துக்கிழமையும் ரெண்டு பேரும்தானே?" என்று மெல்லக் கேட்டார்.

ரேடியோ அக்காவின் உதடுகள் லேசாக அசைந்தன. நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தாள்.

"அடுத்தது பாலம். வாங்க, வழி சமமாத்தான் இருக்கும்."